நொடியும் மசலாவும்

விடை காண இயலாது மனத்தை மயங்க வைக்கும் ஒன்றைக் குறிக்கத் தமிழில் ஒரு சொல்லன்று, பல சொற்கள் உள. அவற்றின் பிறப்பை ஆராயப் புகுவோர்க்கு ஒலுவில் போன்றதோர் ஊர் நல்ல துணையாகும். கீழ்த்திசையில் கடல், மேற்றிசையில் நெல்வயல், நடுவே தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்கள். அம்பாறைக் கரையிலுள்ள இவ்வூரின் தொழிலும் வழக்கும் அச்சொற்கள் பலவற்றின் பொருளைக் கண்முன் நிறுத்துகின்றன.

சிக்கல் என்னும் சொல்லை வலைக்காரருக்கு விளக்க வேண்டுவதில்லை. நூல் ஒன்றோடொன்று பிணைந்தால் அது சிக்கு. அதைப் பிரிக்கப் பொறுமை வேண்டும். பதறி இழுத்தால் முடிச்சு இறுகும். புதிர் என்பதோ இருபொருள் உடையது. வயற்காரர் முதல் விளைச்சலில் எடுக்கும் புதுநெல்லும் புதிர்தான். அது புதுமை என்பதோடு உறவுடையது. விடுகதையைக் குறிக்கும் புதிர், பிதிர் என்னும் பழஞ்சொல்லின் வேறு வடிவம் என்பர். ஒலி ஒன்றாயினும் குலம் வேறு.

பாடநூல்கள் விடுகதை என்று அச்சிடுவதை ஈழத்து முதியோர் நொடி என்றே வழங்குவர். கைநொடிப் பொழுதில் விடை கூறவேண்டியதால் இப்பெயர் வந்ததென்று சிலர் கொள்வர். இது அழகிய விளக்கமே. ஆயினும் நொடிதல் என்பதற்குச் சொல்லுதல் என்ற பொருளும் உண்டு. ஆகவே மறைத்துச் சொல்லப்படுவது நொடி எனக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. உடம்பெல்லாம் கண், ஒன்றிலும் பார்வையில்லை என்று ஒருவர் நொடி போட, மற்றவர் வலை என்று அதனை அவிழ்ப்பார்.

இக்கலை மிகப் பழையது. தொல்காப்பியம் செய்யுளியலில் யாப்பின் வகை ஏழனுள் ஒன்றாகப் பிசியை வைத்து, உவமையால் அமைவதும், வெளிப்படத் தோன்றுவதைச் சொல்லி மறைந்ததை உணரவைப்பதும் என அதனை இருவகைப்படுத்துகிறது. பிறையைக் கவ்விய மலை நடப்பதாகச் சொல்லி யானையை உணர்த்தும் பிசியை உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். திண்ணைப் பேச்சென இன்று ஒதுக்கப்படும் நொடிக்குப் பாட்டோடும் நூலோடும் சரியாசனம் அளித்த இலக்கணம் அது!

முஸ்லிம்களின் தமிழில் மற்றொரு சொல் வழங்குகிறது. அது மஸ்அலா, நூல்வழக்கில் மசலா. கேட்டான் எனப் பொருள்படும் ஸஅல என்ற அறபு வினையிலிருந்து பிறந்தது. கறிக்கு இடும் மசாலா வேறு. அது மஸாலிஹ் என்ற சொல்வழி வந்தது. மார்க்கத்தில் ஐயம் எழுந்தால் ஆலிமிடம் மஸ்அலா கேட்பது வழக்கம். இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் முற்பட்டதெனக் கருதப்படும் நூலின் பெயரே ஆயிர மசலா. வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய இந்நூல் மதுரையில் 1572ஆம் ஆண்டு அரங்கேறியது. யூத அறிஞராயிருந்த அப்துல்லா இப்னு ஸலாம் வினவ, நபிகள் நாயகம் விடை கூறுவதாக அது அமைந்துள்ளது.

வடமொழிவழி வந்த பிரச்சினை என்பதன் மூலமும் இதுவே. பிரச்னம் என்றால் வினா. பிப்பலாத முனிவரிடம் அறுவர் கேட்ட ஆறு வினாக்களால் ஓர் உபநிடதம் அப்பெயர் பெற்றது. அறபும் வடமொழியும் தனித்தனியே ஒரே வழியில் நடந்து, கேள்வியைத் தொல்லைக்குப் பெயராக்கின. ஆனால் மஸ்அலா என்றதும் விடை கூறுவோர் ஒருவர் எதிரே இருப்பதாக எண்ணம் எழுகிறது. நொடி போட்டவரும், கேட்டவர் தோற்றால் தாமே விடையை அவிழ்த்தாக வேண்டும். பிரச்சினை என்ற சொல்லிலிருந்து அந்த எண்ணம் கழன்றுவிட்டது. கிழக்கு மாகாணத்தில், 2009இல் முடிந்த போரின் ஆண்டுகளைப் பிரச்சினைக் காலம் என்றே இரு சமூகத்தாரும் கூறுவர். அங்கே வினாவும் இல்லை, விடையும் இல்லை.

ஒலுவிலில் இன்று அச்சொல் கடலரிப்போடு சேர்ந்து ஒலிக்கிறது. 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அலைதடுப்புகள், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தன. வாயிலில் மணல் திரண்டு படகுகளுக்கு வழி அடைபட்டது. வடபுறக் கரையைக் கடல் தின்றது. பிரச்சினை என்பதைப் பழைய பொருளிலேயே எடுத்துக்கொண்டால் கேட்கவேண்டியவை இரண்டு: வாயிலில் சேரும் மணலை வடகரைக்குத் தொடர்ந்து கொண்டுசேர்ப்பது யார் பொறுப்பு? கரை இழந்தவர் அதனை யாரிடம் கேட்பது?