முந்நூற்றிநாலும் போக்கரும்

சீட்டாட்டம் என்றாலே முகஞ் சுளிப்போர் நம்மிடையே பலர். அவர்கள் சுளிப்பதிலும் நியாயமுண்டு. பாண்டவர் நாடிழந்த கதையை அறியாத தமிழர் இல்லை. வள்ளுவப் பெருந்தகையும் சூதின் தீமையை உரைக்கத் தனி அதிகாரமே வகுத்தார். ஆயினும் ஆட்டம் வேறு, சூது வேறு. ஆட்டத்தில் வளர்வது அறிவு. சூதில் தேய்வது பொருள். இவ்விரண்டையும் பிரித்துணர, வன்னி மக்களுக்கு நன்கு பழக்கமான ஓர் ஆட்டமே துணைபுரியும் என்பது என் எண்ணம்.

கிளிநொச்சியில் எனக்கு அறிமுகமான இளைஞர் ஒருவர் அண்மையில் என்னிடம், “சேர், உந்தப் போக்கர் எண்ட விளையாட்டைப் பழகினால் காசு உழைக்கலாமோ?” என்று வினவினார். கைத்தொலைபேசியில் அவ்வாட்டத்தைக் கண்டு அவருக்கு ஆசை பிறந்திருந்தது.

“தம்பிக்கு முந்நூற்றிநாலு விளையாடத் தெரியுமோ?” என்று கேட்டேன்.

“அது தெரியாமலோ, சேர்!” என்றார்.

“அப்படியெண்டால் போக்கரிலை பாதி தெரியும். மற்றப் பாதிதான் ஆபத்தானது” என்றேன். அவருக்குச் சொன்னதை நேயர்களுக்கும் சற்று விரித்துரைக்கிறேன்.

முந்நூற்றிநாலு நால்வர் இருவர் இருவராகச் சேர்ந்து ஆடுவது. 32 சீட்டுகளே ஆட்டத்திற்கு வரும். ஜாக்கிற்கு 30, ஒன்பதிற்கு 20, ஏஸிற்கு 11, பத்திற்கு 10, இராசாவிற்கு 3, இராணிக்கு 2. எட்டிற்கும் ஏழிற்கும் ஒன்றுமில்லை. ஓரினத்திற்கு 76 ஆக, நான்கினத்திற்கும் 304. ஆட்டத்தின் பெயரே அதன் கணக்கு. இராசாவையும் ஏஸையும் ஜாக் வெல்லும் இந்த விந்தை முறை, ஒல்லாந்திலும் சுவிற்சர்லாந்திலும் வழங்கும் யாஸ் என்னும் ஆட்டக் குடும்பத்தின் துரும்பு இனத்திலும் உண்டு. நாம் ஆடுதன் என்று சொல்லும் இனத்தின் பெயரிலும் ஒல்லாந்தர் மொழியின் சாயல் தெரிகிறது.

ஊருக்கு ஊர் விதிகள் சிறிது வேறுபடும். எனினும் ஆட்டத்தின் உயிர் ஒன்றே. முதலில் நான்கு சீட்டுகள் மட்டுமே கைக்கு வரும். அவற்றைப் பார்த்தே கேள்வி கேட்க வேண்டும். வழக்கமாக அது 160 இல் தொடங்கும். கேள்வியில் நின்றவர் துரும்பை ஒருவருக்கும் காட்டாமல் கவிழ்த்து வைப்பார். மிகுதி நான்கும் அதன் பின்னரே வரும். பாதியைக் கண்டு முழுமைக்கும் வாக்குக் கொடுப்பதே ஆட்டம்.

ஓர் உதாரணம் பாருங்கள். உங்கள் நான்கு சீட்டுகளில் ஓரினத்தின் ஒன்பதும் ஏஸும் பத்தும் இருக்கின்றன, ஜாக் இல்லை. அது எங்கே? நீங்கள் காணாத சீட்டுகள் 28. அவற்றுள் 4 உங்களுக்கு வரும், 8 உங்கள் கூட்டாளிக்கு, 16 எதிராளிகளுக்கு. ஆகவே ஜாக் உங்கள் பக்கம் இருக்கும் வாய்ப்பு 28 இல் 12, அதாவது ஏழில் மூன்று. எதிர்ப்பக்கத்தில் இருப்பதற்கோ ஏழில் நான்கு. இதை அறிந்தவர் அளவோடு கேட்பார். அறியாதவர் கையின் அழகில் மயங்கிக் கேட்பார்.

போக்கரும் இவ்வாறே அரைகுறைச் செய்தியைக் கொண்டு முடிவெடுக்கும் ஆட்டம். இன்று பெருவழக்காயுள்ள வகையில் ஒவ்வொருவருக்கும் இரு சீட்டுகள் மறைவாகவும், எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் வெளிப்படையாகவும் வரும். கூட்டாளி கிடையாது. இடையிடையே பந்தயம் கட்ட வேண்டும், அல்லது சீட்டைக் கைவிட வேண்டும்.

ஓரினத்தின் ஐந்து சீட்டுகள் சேர்ந்தால் வெல்லலாம் என்ற நிலையில் நான்கு சேர்ந்துவிட்டன. இன்னும் ஒரு சீட்டே வரவிருக்கிறது எனக் கொள்வோம். காணாத சீட்டுகள் 46, உதவக்கூடியவை 9. வாய்ப்பு ஐந்தில் ஒன்றிற்கும் சற்றுக் குறைவு. நடுவில் 300 ரூபா கிடக்க, தொடர்ந்து ஆட நீங்கள் 100 ரூபா போட வேண்டுமாயின், நான்கில் ஒருமுறையேனும் வென்றால்தான் கட்டும். பின்னால் வரக்கூடிய பந்தயங்களை நீக்கிப் பார்த்தால், கைவிடுவதே அறிவு. நல்ல ஆட்டக்காரரை அவர் கைவிடும் சீட்டுகளால் அறியலாம்.

பொய்க்கை காட்டுவதற்கும் கணக்குண்டு. ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜோன் வொன் நொய்மன் 1928 இல் ஆட்டங்களின் கணிதத்திற்கு அடித்தளமிட்டார். 1944 இல் மோர்கன்ஸ்டேர்னுடன் எழுதிய நூலில் போக்கரையும் ஆராய்ந்தார். ஒருபோதும் பொய்க்கை காட்டாதவர் பந்தயத்தை உயர்த்தினால் எல்லோரும் விலகிவிடுவர். எப்போதும் காட்டுபவரை எவரும் நம்பார். பிறர் ஊகிக்க முடியாதபடி, அளவறிந்து கலப்பதே முறை.

இதுவரை சொன்னது அறிவின் பாதி. மற்றப் பாதி பணம். சூதாட்ட நிலையத்தார் பந்தயத் தொகையில் தமக்கொரு பங்கை எடுத்துக்கொள்வர். ஆடுவோர் சமதிறமையினராயினும், அப்பங்கு கழியக் கழிய எல்லோர் பையும் இளைக்கும். அதற்கு மேலாக, 2019 இல் புளூரிபஸ் என்னும் கணினி நிரல் அறுவர் ஆடும் போக்கரில் தேர்ந்த ஆட்டக்காரரையே வென்றது. முகந் தெரியாத தொலைபேசி மேசையில் எதிரே இருப்பவர் யார் என்பதை நீங்கள் எவ்வாறு அறிவீர்கள்? நம் நாட்டில் 1889 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டம் பொது இடத்தில் பந்தயம் வைத்து ஆடுவதைத் தடுத்து வந்ததையும் மறத்தலாகாது.

வன்னி உழவர் சீட்டைத் தொடாமலே ஆண்டுதோறும் கேள்வி கேட்பவர்தாம். மழையை நம்பிக் காலபோகம் விதைக்கிறார். இரணைமடுவின் நீர்மட்டம் பார்த்தே சிறுபோகத்திற்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் தீர்மானிக்கிறார்கள். முதல் நான்கு சீட்டுகளைப் பார்ப்பது போன்றதே அது. 2018 மார்கழி மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது, சரியாகத் தீர்மானித்து விதைத்தவர்களும் இழந்தார்கள். முடிவு பிழைத்ததால் தீர்மானமும் பிழையென்று ஆகாது. போக்கர் கற்பவருக்கு இதனினும் பெரிய பாடம் இல்லை. ஆனால் அந்த உழவர் தோற்றாலும் நிலம் மிஞ்சும், அடுத்த போகம் வரும். விதைநெல்லுக்கு வைத்த காசைச் சீட்டு மேசையில் வைத்தவருக்கு அதுவும் இல்லை.

ஆகவே பழக விரும்பும் இளைஞருக்கு நான் சொல்வது இதுதான். புளியங்கொட்டையைப் பணமாக வைத்து நண்பரோடு ஆடுங்கள். ஆட்டம் முடிந்ததும் எந்தச் சீட்டில் ஏன் நின்றீர்கள், ஏன் விலகினீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். வென்ற ஆட்டங்களையே கூடுதலாக ஐயுற்று ஆராயுங்கள். ஓராண்டு அவ்வாறு ஆடியும் சுவை குன்றவில்லையென்றால், உங்களுக்கு ஆட்டத்தில்தான் விருப்பம். புளியங்கொட்டையில் சுவையில்லை என்று மூன்றாம் நாளே தோன்றினால், நீங்கள் தேடியது ஆட்டமன்று. அப்போதே எழுந்து விடுங்கள்.