தோழி கொண்டு வந்த பொட்டலம்

போன மாதம் என் தோழி தூத்துக்குடிக் கல்யாணத்துக்குப் போய் வந்தாள். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கணக்கெழுதுகிறவள். மலைக்கு ஜீப் ஏறுமுன் போடியில் எங்கள் வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தாள். "எல்லாம் வழியில வாங்கினதுதான்க்கா, ருசி பாருங்க!"

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் பாலும் சர்க்கரையும் மட்டுந்தான். ஏலம் போடாத இனிப்பும் ஒரு இனிப்பா என்று ஏலக்காய் ஊர்க்காரியான எனக்குத் தோன்றியது. ஒரு வாய் போட்டதும் அந்தக் கர்வம் போய்விட்டது! தூத்துக்குடி மக்ரூனை மாமியார் எடுத்தபோது நல்லவேளையாகத் தடுத்தேன். முந்திரியோடு முட்டை வெள்ளைக்கரு சேர்கிற பண்டம். அவர்களோ சுத்த சைவம்.

இந்தச் சிரிப்பில் கோவில்பட்டிக் கடலை மிட்டாயைக் கவனிக்கவில்லை. என் 2 வயதுப் பயல் ஒரு துண்டைக் கடித்துவிட்டான். இருமலும் இல்லை, அழுகையும் இல்லை. முகம் மட்டும் சிவந்து கறுத்தது. வாய்க்குள் விரலை விடப்போன என் கையைத் தோழி தட்டிவிட்டாள். குழந்தையை முன்பக்கம் குனிய வைத்து, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஓங்கித் தட்டினாள். மூன்றாவது தட்டில் கடலை வந்து விழுந்தது. பிறகுதான் வீல் என்று கத்தினான். அந்த அழுகை எனக்கு எவ்வளவு இனித்தது, தெரியுமா!

டாக்டரிடமும் காட்டினோம். 5 வயது வரை முழுக் கடலை கூடாதாம். இருமுகிற பிள்ளையை இருமவே விட வேண்டும். இரும முடியாவிட்டால்தான் தட்டல். 5 தட்டிலும் வராவிட்டால் வயிற்றை அழுத்தும் முறையை நர்ஸிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். 108க்கும் உடனே சொல்லிவிடுங்கள்.

மிச்ச மிட்டாயை நைசாக இடித்து, கனிந்த வாழைப்பழத்தோடு பிசைந்து கொடுத்தேன். பயல் கிண்ணத்தை வழித்துவிட்டு, "இன்னும்" என்கிறான்.