மென்பொருளுக்கு முதல் ஊகம் எதற்கு?

பசுக்களின் பால் அளவு வேறுபடுவதில் பரம்பரைக்குப் பங்கு எவ்வளவு, அதில் அடங்காத எச்சம் எவ்வளவு? இதைப் பிரித்தறிய, பேட்டர்சனும் தாம்சனும் 1971இல் வெளியிட்ட ஆர்.இ.எம்.எல். என்ற புள்ளியியல் முறை உதவுகிறது.

ஏன் தொடக்க மதிப்பு?

பொதுவாக, ஒரே சூத்திரத்தில் விடை கிடைக்காது. ஒரு மதிப்பில் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று திருத்தியே மென்பொருள் விடையை நெருங்கும். தொடக்கம் மிகவும் பிசகினால் சுற்றுகள் கூடும். விடையே எட்டாமலும் போகலாம்.

எப்படித் தருவது?

மொத்த மாறுபாட்டில் பாதியை எச்சத்துக்கு ஒதுக்கலாம். பால், கொழுப்பு என இரண்டையும் சேர்த்து ஆராய்ந்தால் உடன்மாறுபாடும் வேண்டும். எச்ச மாறுபாடுகள் 16, 9 என்றால், பெருக்கற்பலனின் வர்க்கமூலம் 12. உடன்மாறுபாடு −12க்கும் 12க்கும் இடையில் இருக்க வேண்டும். தாண்டினால் ஒட்டுறவின் எண்ணளவு 1ஐ மீறும், மாறுபாடுகளும் உடன்மாறுபாடும் அடங்கிய அணி செல்லாது. உடன்மாறுபாட்டுக்குச் சுழியைத் தொடக்க மதிப்பாகத் தருவதும் ஆபத்து: சில மென்பொருள்களில் சுழி கடைசிவரை சுழியாகவே நிற்கும். வெவ்வேறு தொடக்கங்கள் ஒரே விடையைத் தந்தால் நம்பிக்கை கூடும்.