எண்ணப்பட்டவர்களின் பிள்ளைகள்

முப்பது ஜோடி எண்களைக் கொடுத்து, இவற்றுக்குள் உறவு உண்டா, இருந்தால் எவ்வளவு என்று கேட்டால், 1960களில் புள்ளியியல் படித்த மாணவருக்கு அன்றைய பிற்பகல் அதோடு போய்விடும். முதல் வரிசை முப்பதையும் வர்க்கமாக்க வேண்டும், இரண்டாவது வரிசை முப்பதையும் வர்க்கமாக்க வேண்டும். இரண்டு வரிசையையும் பெருக்கி இன்னொரு முப்பது விடை எடுக்க வேண்டும். பிறகு கூட்டல், கழித்தல், வர்க்கமூலம். கையில் மடக்கை வாய்ப்பாடு; ஆய்வறையில் கைப்பிடி சுழற்றும் கணக்குப் பொறி. ஒன்பதாவது வரியில் ஓர் இலக்கம் புரண்டால் போட்டதெல்லாம் வீண்.

இன்று மலேசியாவில் பாங்கியிலோ செர்டாங்கிலோ பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை அதே கேள்விக்கு ஆர் மென்பொருளில் ஒரு வரி தட்டுகிறாள். முப்பது ஜோடியென்றாலும் முப்பது லட்சம் ஜோடியென்றாலும் அந்த ஒரு வரிதான். ஆர் இலவசம், அதன் முதல் முழுப் பதிப்பு 2000ஆம் ஆண்டு வந்தது. புத்தகத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்ட அட்டவணைகளில் விரலை ஓட்டித் தேட வேண்டிய வேலையும் போயிற்று.

கைக்கணக்குக் காலத்தை நான் புனிதமாக்க விரும்பவில்லை. எத்தனையோ நல்ல மூளைகளின் நேரத்தைக் கூட்டலும் பெருக்கலும் தின்றன. ஆனாலும் அந்தத் தலைமுறையிடம் ஒரு பழக்கம் இருந்தது: ஒவ்வோர் எண்ணும் அவர்கள் கண் வழியாகவே தாளுக்குப் போயிற்று. எல்லோருடைய உயரமும் சென்டிமீட்டரில் இருக்க, நடுவில் யாரோ ஒருவருக்கு 1.72 என்று மீட்டரில் எழுதியிருந்தால், பேனா அங்கே தானாக நிற்கும். இன்று அந்த 1.72 யார் கண்ணிலும் படாமல் கணினிக்குள் போய், அழகான வரைபடமாக வெளியே வந்துவிடும். அதனால் இன்றைய முதலாண்டு மாணவருக்குக் கணக்கிடக் கற்றுத்தருவதைவிட, எண்களைச் சந்தேகப்படக் கற்றுத்தருவதே பெரிய பாடம். பழைய மாணவருக்கு உழைப்போடு சேர்ந்து வந்த சந்தேகத்தை, இவர்களுக்குத் தனியாக எடுத்து ஊட்ட வேண்டியிருக்கிறது.

அன்று யார் படித்தார்கள் என்பது வேறு கதை. மலாயா பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தொடங்கியது. 1959இல் கோலாலம்பூர் கிளை தனி நிர்வாகம் பெற்றது. 1962 ஜனவரி முதல் தேதி தனிப் பல்கலைக்கழகமே ஆனது. அன்று பாடமொழி ஆங்கிலம். அதனால் பந்தாய் பள்ளத்தாக்கில் இருந்த அந்த வளாகத்துக்குப் போன தமிழ் மாணவர்களில் பலர், பட்டணத்து ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளைகள்: பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் ரயில்வே குடியிருப்புகளிலும் குமாஸ்தா வீடுகளிலும் வளர்ந்தவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைக்கோ தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு முடிந்தது. அதற்கு மேல் போக மொழி மாற வேண்டும், ஊர் மாற வேண்டும், பஸ் காசு வேண்டும்.

அந்தப் பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் நாள் முழுக்க எண்களுக்குள்தான் வாழ்ந்தார்கள். விடியுமுன் பெரட்டில் பேர் கூப்பிடுவார்கள். வெட்டிய பாலை நிறுப்பார்கள். அதில் எவ்வளவு உலர் ரப்பர் தேறும் என்று பார்ப்பார்கள். தோட்டத்துக் கணக்கரான கிராணி எல்லாவற்றையும் செக்ரோல் பதிவேட்டில் பதிவார். 1920களில் இந்தியத் தொழிலாளிக்கான கூலியையே, ஒரு குடும்பத்துக்கு அரிசி இவ்வளவு, துணி இவ்வளவு என்று வரவுசெலவுப் பட்டியல் போட்டு அதிகாரிகள் நிர்ணயித்தார்கள். அந்தப் பட்டியலில் எது இருக்கலாம், எது வேண்டாம் என்று முடிவு செய்த மேசையில் தோட்டத் தொழிலாளி ஒருவரும் உட்காரவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வு முக்கியமான கோரிக்கை.

தோட்டத்துக்கும் புள்ளியியலுக்கும் இன்னொரு கண்ணியும் உண்டு. நவீனப் புள்ளியியலுக்கு அடித்தளமிட்ட ரொனால்ட் ஃபிஷர், இங்கிலாந்தில் ஒரு வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலை செய்தவர். எந்த உரம் எந்த வயலில் பலன் தந்தது என்று பிரித்தறியத்தான் அவர் தன் முறைகளை வகுத்தார். ஆய்வாளர்களுக்காக அவர் எழுதிய புகழ்பெற்ற நூல் வந்தது 1925இல். மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்துக்குச் சட்டம் போட்டதும் அதே ஆண்டு. எந்த ரக மரம் கூடுதல் பால் தரும், எப்படி வெட்டினால் மரம் தாங்கும் என்ற கேள்விகளுக்கு, சுங்கை பூலோ சோதனை நிலத்தில் மரங்களைப் பாத்தி பாத்தியாகப் பிரித்துப் பாலை அளந்து விடை தேடினார்கள். இன்றைக்கும் புள்ளியியல் மாணவர் படிக்கும் சோதனை வடிவமைப்புப் பாடத்தின் வேர், இப்படிப்பட்ட மண்ணிலும் மரத்திலும்தான் இருக்கிறது. நம் பாட்டன் பாட்டி தோட்டத்தில் வெட்டிய பால் வெறும் உதாரணக் கணக்கல்ல என்பதை இங்குள்ள பிள்ளைகளுக்கு யாராவது வகுப்பில் சொன்னால் நன்றாக இருக்கும்.

1970க்குப் பிறகு எல்லாம் மாறின. அந்த ஆண்டு தொடங்கிய தேசியப் பல்கலைக்கழகம் முதல் நாளிலிருந்தே மலாய் மொழியில் கற்பித்தது. 1982இல் படிவம் ஆறின் இறுதித் தேர்வான பழைய எச்.எஸ்.சி. போய் எஸ்.டி.பி.எம். வந்தது, அடுத்த ஆண்டு பல்கலைக்கழக முதலாண்டு வகுப்புகளும் மலாய்க்கு மாறின. தமிழ்ப்பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பித்த பிள்ளை, புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு உட்கார்ந்து மலாய் பழகி, இடைநிலைப் பள்ளியில் மலாயில் கணிதம் படித்து, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பாடநூலைப் புரட்ட வேண்டும். பட்டம் வாங்கிய பிறகும் மனத்துக்குள் கூட்டுவது தமிழில்தான் என்று சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இடம் கிடைப்பதும் சிக்கலானது. முன்பு இன விகிதாச்சாரம் வெளிப்படையாக இருந்தது. 2002இல் தகுதி அடிப்படை என்றார்கள். கல்விக்கு 90, புறப்பாடத்துக்கு 10 புள்ளி என்பது கணக்கு. ஆனால் ஒருவர் எஸ்.டி.பி.எம். எழுதி வருகிறார், இன்னொருவர் மெட்ரிகுலேஷன் முடித்து வருகிறார். மெட்ரிகுலேஷனில் பத்தில் ஒன்பது இடம் பூமிபுத்திரா மாணவர்களுக்கு. இரண்டும் வேறு வேறு பாடத்திட்டம், வேறு வேறு தேர்வு. ஒருவரை முழத்தால் அளந்து, இன்னொருவரை அடியால் அளந்து, இரண்டு எண்ணையும் ஒரே பட்டியலில் மேலிருந்து கீழாக அடுக்குவதைப் புள்ளியியல் தெரிந்தவர் எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். வெவ்வேறு தேர்வுகளின் மதிப்பெண்களை ஒப்பிட முறையான வழிகள் உண்டு. அவை பாடநூலிலேயே இருக்கின்றன. ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வில் பத்து ஏ எடுத்த எல்லா மாணவர்க்கும் இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் என்று 2024இல் அரசாங்கம் அறிவித்தது. அது வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பத்து ஏ எடுக்காமல், கணிதத்தில் மட்டும் கெட்டியாக இருக்கும் பிள்ளைக்கு அது உதவாது. புள்ளியியலுக்கு வேண்டியவர் அந்தப் பிள்ளைதான்.

அவர் போகக்கூடிய வழி படிவம் ஆறு. 2012இல் எஸ்.டி.பி.எம். மூன்று பருவங்களாக மாறியதிலிருந்து, கணிதம் 'டி' பாடத்தின் மூன்றாம் பருவம் முழுக்கப் புள்ளியியல். அதில் ருசி கண்டவர் பட்டப்படிப்பில் தடுமாற மாட்டார். அதற்கு முன்பே தடுமாறியவர்களுக்கும் கைகொடுக்க ஆள் இருந்தது: 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் என்ற கல்வி அமைப்பில், பல்கலைக்கழக மாணவர்களே வந்து தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். கூடுதல் கணிதத்தைக் கண்டு நடுங்கிய எத்தனையோ பிள்ளைகளை அப்படித்தான் கரையேற்றினார்கள்.

போக்குவரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அன்று கிள்ளான் பிள்ளை பஸ் பிடித்துப் பட்டணத்துக்கு வந்து, அங்கே இன்னொரு பஸ் மாற வேண்டும். இன்று கிள்ளானில் கே.டி.எம். ஏறி, கே.எல். சென்ட்ரலில் மாறினால், செர்டாங்கும் தேசியப் பல்கலைக்கழக நிலையமும் அதே ரயில் வலையில் இருக்கின்றன. மலாயா பல்கலைக்கழகத்துக்கு எல்.ஆர்.டி. உண்டு.

மாறாதது பெற்றோரின் தயக்கம். பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் ஓர் அம்மா கேட்டது நினைவிருக்கிறது: "அண்ணே, மகளுக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கெடச்சிருக்கு. டாக்டர்னா தெரியும், லாயர்னா தெரியும். இதுல என்ன வேல?" நியாயமான கேள்வி. அன்று இதற்கு விடை சுருக்கமானது: ஆசிரியர் வேலை, இல்லாவிட்டால் அரசாங்க உத்தியோகம். இன்று வங்கி, காப்புறுதி, தொலைத்தொடர்பு, மருத்துவ ஆய்வு என்று விடை நீண்டுவிட்டது. 1996இல் தனியார் உயர்கல்விச் சட்டம் வந்தது, அடுத்த ஆண்டு பி.டி.பி.டி.என். கல்விக் கடன் வந்தது, அதிலிருந்து சுங்கை லோங், சன்வே போன்ற இடங்களிலும் வாசல் திறந்தது. அங்கே பிள்ளைகள் பெரும்பாலும் காப்பீட்டுக் கணிதத்தைத் தேடுகிறார்கள். இப்போது தரவு அறிவியல் என்றால் வீட்டில் உடனே சரி என்கிறார்கள். என் கருத்து வேறு. மென்பொருள்கள் ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாறும். நிகழ்தகவும் மாதிரியெடுப்பும் மாறாது. அவற்றை ஆழமாகப் படித்தவர் தரவு அறிவியலுக்கு எந்த வயதிலும் போகலாம். மறுபக்கத்திலிருந்து இங்கே திரும்பி வருவது கடினம். அந்த அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன்: "தைரியமா அனுப்புங்கம்மா."

படிப்பதற்கான பொருளும் கைக்கு வந்துவிட்டது. நாட்டின் புள்ளிவிவரத் துறை தொடங்கியதும் 1949இல்தான், மலாயா பல்கலைக்கழகம் பிறந்த அதே ஆண்டு. பல பத்தாண்டுகளுக்கு அதன் எண்கள் தடித்த அறிக்கைகளாக நூலகத்தில் இருந்தன. மாணவர் உட்கார்ந்து கையால் பார்த்து எழுத வேண்டும். 2021 ஜூலையில் சுகாதார அமைச்சு கோவிட் எண்களைக் கிட்ஹப் இணையதளத்தில் திறந்து வைத்தது. வீட்டில் அடைபட்டிருந்த மாணவர்கள் அன்றன்றைய எண்களை எடுத்துத் தாங்களே வரைபடம் போட்டார்கள். பிறகு புள்ளிவிவரத் துறையும் தன் தரவுகளை இணையத்தில் விரித்து வைத்தது. கிள்ளான் நாடாளுமன்றத் தொகுதியின் மக்கள்தொகை விவரத்தைக் கிள்ளானில் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

பார்ப்பது எளிது, படிப்பதற்குத்தான் பட்டம் வேண்டும். நம்மவர் கூட்டங்களில் அடிக்கடி சொல்வார்கள்: 1957 கணக்கெடுப்பில் இந்தியர் சுமார் 11 விழுக்காடு, 2020இல் 6.7 விழுக்காடு, பாதியாகக் கரைந்துவிட்டோம். இரண்டு எண்ணும் சரி. ஆனால் முதல் எண் மலாயாவுக்கு மட்டும் உரியது. இரண்டாவதில் இந்தியர் மிகக் குறைவாக உள்ள சபாவும் சரவாக்கும் சேர்ந்திருக்கின்றன. முதல் எண் அன்று இங்கே வாழ்ந்த எல்லோரையும் கொண்டது. இரண்டாவது குடிமக்களை மட்டும் வகுத்துப் பார்த்தது. 1969க்குப் பிறகு வேலை அனுமதி கிடைக்காமல் பல்லாயிரம் பேர் கப்பலேறியதும் இடையில் இருக்கிறது. பிறப்பு விகிதம் இறங்கியதும் இருக்கிறது. இவற்றைப் பிரித்துப் பிரித்து எடுத்த பிறகும் குறைவு இருக்கிறது. ஆனால் அதன் அளவும் காரணமும் வேறு. அதைக் கொண்டு ஒரு தமிழ்ப்பள்ளியின் எதிர்காலத்தையோ நிதி ஒதுக்கீட்டையோ வாதாடப் போகிறவர், சரியான எண்ணோடு போக வேண்டும்.

பத்தாண்டு வரிசைப்படி அடுத்த கணக்கெடுப்பு 2030இல். வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள், யாரைக் குடும்பத்தலைவராக எழுதுவது, பிறப்புப் பத்திரம் இல்லாதவரை எப்படிப் பதிவது என்பதெல்லாம் அதற்கு முன்பே ஏதோ ஒரு மேசையில் முடிவாகிவிடும். இன்று முதலாண்டு புள்ளியியலில் சேரும் பிள்ளைக்கு, அதற்குள் பட்டம் கையில் இருக்கும்.