கைபேசிக்கும் பசிக்குமே!

அமெரிக்காவிலுள்ள மகளின் பிரசவத்துக்குத் தனியே புறப்படுகிறீர்கள். பிரயாணச் சீட்டு, மாப்பிள்ளையின் விலாசம், படிக்க நாலு தொடர்கதை, எல்லாம் கைபேசிக்குள்! அதுவோ பாதி வழியில் கண்ணை மூடப் பார்க்கிறது. பிளக் எங்கே? அதோ, தூணுக்கு அடியில். பட்டுப் புடவையுடன் தரையில் உட்கார வேண்டியதுதான்!

விமான நிலையம் கட்டுகிறவர்கள் பிளக்கை நாற்காலியின் கையருகே அல்லவா வைக்க வேண்டும்? கைபேசியை வைக்க ஒரு சிறு பலகையும் வேண்டும். எங்கோ மூலையில் மேஜை போட்டு அங்கே செருகச் சொன்னால், கைக்குழந்தையையும் பெட்டியையும் யார் பார்த்துக்கொள்வது?

பிளக்குகளும் ஒரே தினுசல்ல. நம் ஊருடையதற்கு உருண்டைக் கால்கள். லண்டனில் தடித்த பட்டைக் கால்கள். அமெரிக்காவில் மெல்லிய தகடுகள். எல்லோருக்கும் பொதுவாக யு.எஸ்.பி. துவாரம் வைத்தால் போதாதோ? அதன் வழியே கைபேசிக்குள் திருட்டு நுழையலாம் என்று 2023-ல் எஃப்.பி.ஐ.யின் டென்வர் கிளை எச்சரித்தது. சொந்தச் சார்ஜரைச் சுவர்ப் பிளக்கில் செருகினால் அந்தப் பயமில்லை. ஆகவே இரண்டும் இருக்கட்டும்.

"என்னிடம் பவர் பாங்க் இருக்கிறதே!" என்பீர்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதல், பறக்கும்போது அதிலிருந்து சார்ஜ் ஏற்றக் கூடாதென்று தடுத்துவிட்டது. விமானம் மாறும் ஊரில் இறங்கியதும் முதலில் கைபேசிக்குப் போடுங்கள், காபி அப்புறம்.