ஒதுங்க இடமில்லாத கரை

தாம்பரத்திலிருந்து சேலையூர், மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூரை அடைந்து, அங்கிருந்து அக்கரையில் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொடும் ஞாயிற்றுக்கிழமைப் பிரயாணிகள், நீலாங்கரை முதல் கோவளம் வரையுள்ள குப்பங்களில் மணல்மேட்டின் மீது வரிசையாக ஏற்றி வைக்கப்பட்டிருக்கும் படகுகளைக் கண்டு, இன்று தொழில் இல்லை போலும் என்று எண்ணியபடி கடந்து போவது வழக்கம். ஆனால் வேறு தேசத்துக் கரைகளில் ஒரு படகு எந்தக் காரியத்துக்காக நங்கூரம் பாய்ச்சி நிற்கிறதோ, அதே காரியத்துக்காகத்தான் இவை மணலில் ஏறி நிற்கின்றன. இது விளங்க வேண்டுமானால், கடலிலேயே குடித்தனம் நடத்துகிற சில குடும்பங்களின் வாழ்க்கையை முதலில் அறிந்துகொள்வது நல்லது.

நம் கட்டுமரத்தின் பெயரை ஏற்றும், அமைப்பில் பசிபிக் தீவினரின் இரட்டை ஓடங்களைப் பின்பற்றியும், இன்று உலகெங்கும் கட்டமரான் என்று வழங்குகிற பாய்ப்படகு, இணையாக ஓடும் இரண்டு ஒடுங்கிய உடல்களையும் அவற்றை இணைக்கும் ஒரு மேடையையும் கொண்டது. நியூசீலாந்தில் வளர்ந்த டேவிட் லூயிஸ் என்ற மருத்துவர், மனைவி பியோனாவையும் பால்மணம் மாறாத இரண்டு பெண் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு, ‘ரேஹு மோவானா’ என்ற அத்தகைய படகிலே 1964-க்கும் 1967-க்கும் இடையில் உலகத்தைச் சுற்றி வந்தார்; இவ்வகைப் படகு உலகை வலம் வந்தது அதுவே முதன்முறை. அந்தப் பிரயாணத்திலே, தாஹிதியிலிருந்து நியூசீலாந்து வரை திசைகாட்டி முதலிய கருவிகளைப் பாராமல், நட்சத்திரங்களையும் அலைகளின் போக்கையும் மட்டுமே துணைக்கொண்டு அவர் வழி கண்டறிந்தார் என்பதைப் படிக்கும்போது, வாடையையும் கொண்டலையும் உடம்பினாலேயே உணர்கிற நம் கரையோர ஜனங்களின் நினைவு வராமல் இராது.

இரட்டைப் படகு காற்றில் ஒருபுறமாக அதிகம் சாய்வதில்லை. அடுப்பின்மேல் வைத்த பாத்திரம் பெரும்பாலும் வைத்தபடியே இருக்கும். குழந்தை தரையில் உட்கார்ந்து படம் வரையலாம். ஓர் உடலில் பெற்றோருக்கும் மற்றதில் குழந்தைகளுக்கும் அறைகள், நடுவிலுள்ள மேடையில் சமையலும் படிப்பும். ஆயினும் இந்தச் சௌகரியத்துக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. அதிகப் பாரம் ஏற்றினால் படகின் வேகமும் மிதப்பும் கெடும் என்பதால், புத்தகம், பொம்மை, குடிநீர் எல்லாவற்றையும் அளந்தே ஏற்ற வேண்டும். விளிம்பைச் சுற்றி வலை கட்டி, மேல்தளத்துக்கு வரும் குழந்தையின் உடலில் வார் பூட்டி, அந்த வாரைப் படகோடு பிணைக்காமல் விடக்கூடாது. எல்லாவற்றிலும் பெரிய அபாயம் ஒன்று: அடியில் கனமுள்ள ஒற்றையுடல் படகு கவிழ்ந்தாலும் நிமிர்ந்துவிடக் கூடும், இரட்டைப் படகு கவிழ்ந்தால் கவிழ்ந்ததுதான். ஆகவே இந்தக் குடும்பங்கள் கடலில் ஓடும் நேரத்தைக் காட்டிலும் ஓரிடத்தில் நிற்கும் நேரத்தைப் பற்றியே அதிகமாகச் சிந்திக்கின்றன.

நங்கூரம் தன் கனத்தினால்தான் கப்பலைப் பிடித்து நிறுத்துகிறது என்று நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். உண்மை அதுவன்று. கடலின் அடிநிலத்தில் கவ்விக்கொண்டு, தரையோடு தரையாக இழுக்கப்படும்போது மேலும் மேலும் ஆழமாகப் புதைகிற குணத்தினால்தான் அது நிறுத்துகிறது. ஜி. ஐ. டெய்லர் என்ற ஆங்கில பௌதிக விஞ்ஞானி 1933-இல் வகுத்த புகழ்பெற்ற நங்கூரம், ஏர்க்கலப்பையின் கொழுவைப் போன்ற வடிவத்தையே உடையது. அதே நங்கூரத்தை மேல்நோக்கி இழுத்தால் எளிதில் பெயர்ந்து வந்துவிடும். எனவே, நீரின் ஆழத்தோடு படகு முகப்பின் உயரத்தையும் கூட்டி, அமைதியான நாளில் அதன் ஐந்து மடங்கும், காற்று மிகும்போது ஏழு முதல் பத்து மடங்கும் சங்கிலியை நீள விடுவார்கள். விட்ட சங்கிலியின் கடைப்பகுதி தரையில் படுத்துக் கிடக்க, இழுப்பு கிடைமட்டமாகவே போய்ச் சேரும். இரட்டைப் படகிலோ, இரண்டு முகப்புகளிலிருந்தும் இரண்டு நைலான் கயிறுகளை இறக்கி ஒரே சங்கிலியில் மாட்டுவார்கள்; படகு இடமும் வலமும் அலைபாயாமல் காற்றை நேர்முகமாகப் பார்த்து நிற்கும், அலையின் வெட்டியிழுப்பை நைலான் நீண்டு கொடுத்துத் தாங்கிக்கொள்ளும். காற்றின் வேகம் இரு மடங்கானால் படகின் மேல் விழும் விசை நான்கு மடங்காகிறது என்ற கணக்கை அறிந்தவர்கள், இருட்டுவதற்கு முன்பே இந்த ஏற்பாடுகளை முடித்துவிட்டு, கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் பார்த்து வைத்துக்கொண்டு, படகு நழுவுகிறதா என்று கணவனும் மனைவியும் முறைவைத்து விழித்திருப்பார்கள். நழுவினால் எஞ்சினை யார் முடுக்குவது, சங்கிலியை யார் இழுப்பது, குழந்தைகள் எந்த அறையில் இருப்பது என்பதையெல்லாம் பகலிலேயே பேசி வைத்திருப்பார்கள்.

ஆனால் இவ்வளவு சாமர்த்தியமும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: காற்றுக்கு மறைவான ஒரு குடாவோ தீவோ முகத்துவாரமோ இருக்க வேண்டும். நம் கரையில் அது இல்லை. சென்னை முதல் மாமல்லபுரம் வரை ஏறத்தாழ நேர்கோடாக ஓடுகிற இந்த மணற்கரை, வங்காள விரிகுடா முழுவதற்கும் மார்பைத் திறந்து காட்டி நிற்கிறது. ஐப்பசியில் வீசத் தொடங்கும் வாடை, படகைக் கரையை நோக்கியே தள்ளும். நங்கூரம் பெயர்ந்தால் பின்னால் இருப்பது நுரைத்து உடைகிற அலைவாய்தான். 1746 அக்டோபரில் சென்னையைப் பிடித்திருந்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பற்படை, திறந்த கடலில் நின்றிருந்தபடியே ஒரே புயலில் சின்னாபின்னமாயிற்று. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை கப்பல்கள் இங்கே நிற்கலாகாது என்று கிழக்கிந்தியக் கம்பெனியார் வழக்கம் வகுத்தது இத்தகைய அனுபவத்தினால்தான். 1876-இல் தொடங்கிய துறைமுக வேலையையே 1881 நவம்பரில் வந்த புயல் சிதைத்துவிட்டது. பழங்கதை என்று ஒதுக்கவும் இடமில்லை: 2012 அக்டோபர் 31 அன்று, நீலம் புயலில் ‘பிரதிபா காவேரி’ என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரங்கள் இழுபட்டுப் பெசன்ட் நகர்க் கரையருகே தரை தட்டியதையும், உயிர்க்காப்புப் படகு கவிழ்ந்து மாலுமிகள் சிலர் மாண்டதையும் தென்சென்னைவாசிகள் கண்ணாலேயே கண்டார்கள்.

இந்தக் கடலில் இடைவிடாமல் நங்கூரத்தில் நிற்பவை ஒன்றும் இல்லாமல் இல்லை. வேளச்சேரி - தாம்பரம் பிரதான சாலையில், பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் விரிகுடாவில் நிறுத்தியிருக்கும் மிதவைகள், சில இடங்களில் 3,000 மீட்டரையும் தாண்டிய ஆழத்தில், அந்த ஆழத்தைவிட நீளமான கயிற்றினால் அடித்தளத்தோடு பிணைக்கப்பட்டு, புயலின் வழியிலேயே நின்று காற்றையும் அலையையும் அளந்து செயற்கைக்கோள் மூலம் செய்தி அனுப்புகின்றன. தினந்தோறும் அந்தக் கட்டடத்தைப் பேருந்திலே கடக்கும் பல்லாயிரவருக்கு இது தெரிந்திருந்தால் நன்றாயிருக்கும்.

மனிதர் ஏறிய படகுக்கோ இந்தக் கரை வேறொரு வழியை வகுத்துக் கொடுத்தது. பழைய கட்டுமரம் அலைவாயைக் கடந்து மணலில் வந்து ஏறியதும், கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே தோளில் சுமந்து மேட்டில் உலர்த்துவார்கள். நங்கூரமே வேண்டாத கலம் அது. இக்காலத்துக் கண்ணாடியிழைப் படகுகளையும், புயல் எச்சரிக்கை வந்தவுடன், குப்பத்தார் ஒன்றுகூடித் தள்ளி மேட்டுக்கு ஏற்றுகிறார்கள். இங்கும் கடல் வாழ்க்கை குடும்ப ஜீவனமே. ஆண்கள் கடலில் இருக்க, வலையிலிருந்து மீன் எடுப்பது, ஏலம் கூறுவது, கூடை சுமந்து உள்ளூர்ச் சந்தைகளுக்குப் போவது எல்லாம் பெரிதும் பெண்களின் கையில் இருக்கிறது. வீடு மட்டும் படகிலன்றி, படகு ஏறும் மேட்டுக்குப் பின்னால் இருக்கிறது. 2015 டிசம்பரில் முடிச்சூர் முதலான தாம்பரத்துப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியபோது, நகரெங்கும் வீட்டு மாடிகளில் தவித்தவர்களை மீட்க மீனவர்கள் தங்கள் படகுகளோடு வந்தார்கள். அந்த நன்றியை இந்தப் புறநகர் எளிதில் மறக்கலாகாது.

அவர்களுடைய படகுகள் ஏறும் மணல்மேடோ நாளுக்கு நாள் ஒடுங்கி வருகிறது. 1991 முதல் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைகள் இருந்தும், சாலையின் கிழக்கே பங்களாக்களும் விடுதிகளும் பெருகிவிட்டன. மதிலுக்கு வெளியே எஞ்சியுள்ள மணல் காலி நிலமாகவே அயலார் கண்ணுக்குத் தோன்றுகிறது. குடும்பத்தோடு கட்டமரானில் வருகிற அயல்நாட்டுப் பிரயாணி வாடைக்கு முன்பே வேறு கடலுக்குப் போய்விடலாம். கானத்தூர்க்காரனுக்கும் கோவளத்துக்காரனுக்கும் போக வேறு கடல் இல்லை. கடலோரத்தில் மனையோ வீடோ வாங்க நினைக்கும் தாம்பரத்து நண்பர்கள், பத்திரத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், புயல் எச்சரிக்கை வந்த இரவில் படகுகள் எதுவரை ஏறும் என்பதை அந்தக் குப்பத்துப் பெரியவர்களிடமே நேரில் கேட்டறிந்துகொண்டு, பிறகு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.