ஒரு கூண்டுக்கு எத்தனை ஆண் காடை?

வீட்டில் முட்டைக்காகப் பத்துப் பதினைந்து ஜப்பானியக் காடைகளை வளர்ப்பவர்களுக்கு ஏழாவது, எட்டாவது வாரத்தில் தலைவலி தொடங்குகிறது. அதுவரை ஒட்டிப் படுத்துக் கிடந்த பறவைகளில் ஒன்றிரண்டுக்குப் பிடரியில் இறகு போய்த் தோல் தெரியும். இன்னொன்று மண்டை கிழிந்து மூலையில் ஒடுங்கியிருக்கும். கண்ணில் கொத்துப்பட்டுப் பார்வை போவதும் உண்டு. வளர்ப்பவர் முரட்டுச் சேவல் ஒன்றை அடையாளம் கண்டு அப்புறப்படுத்துகிறார். சில நாளில் அடுத்த சேவல் அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. கூண்டில் ஆண்கள் எத்தனை என்று எண்ணாமல் முரட்டுப் பறவையைத் தேடிக்கொண்டிருப்பது வீண் என்பதே என் கருத்து.

குஞ்சுகள் பெரும்பாலும் ஆண், பெண் பிரிக்காமலே விற்கப்படுகின்றன. வாங்கியதில் ஏறக்குறைய பாதி ஆணாகத்தான் இருக்கும். இறைச்சிப் பண்ணைக்கு இதனால் நஷ்டமில்லை. ஐந்தாறு வாரத்தில் எல்லாமே விற்பனைக்குப் போய்விடும். காடை பருவத்துக்கு வருவதும் ஏறத்தாழ அந்த ஆறாவது வாரத்தில்தான். சண்டை தொடங்கும் முன்பே பண்ணைக்காரரின் கூண்டு காலியாகிறது. வீட்டில் வளர்ப்பவரோ அதே பாதிக்குப் பாதிக் கலவையை மாதக்கணக்கில் ஒன்றாக வைத்திருக்கிறார். போதாக்குறைக்கு, முட்டை குறையக்கூடாதென்று இரவிலும் விளக்கெரிக்கிறார். 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் பெட்டையை முட்டையிட வைப்பதுபோலவே சேவலின் விதைகளையும் பெருக்கி, ஆண் ஹார்மோன் சுரப்பை உச்சத்தில் நிறுத்துகிறது. காட்டில் இனப்பெருக்கக் காலத்தில் ஆண்கள் சிதறிப் போய்த் தனித்தனி இடம் பிடித்துக் கத்தும். தோற்றது ஓடிவிடும், அதோடு சண்டை தீரும். கூண்டில் ஓட இடமேது? தோற்ற பறவை எதிரியின் கண்முன்னாலேயே நிற்பதால் அடி ஓய்வதில்லை. இணை சேரும்போது சேவல் பெட்டையின் பிடரி இறகைக் கவ்விப் பிடிப்பது இயல்பு. இரண்டு பெட்டைகளை நான்கு சேவல்கள் மாறி மாறிக் கவ்வினால் பிடரியில் என்ன மிஞ்சும்?  

ஆகவே, குஞ்சு மூன்று வாரத்தைத் தொட்டதும் நெஞ்சைப் பார்த்துவிட வேண்டும். செம்பழுப்பாக, புள்ளியில்லாமல் இருந்தால் ஆண். வெளிர்நிறத்தில் கறுப்புப் புள்ளி சிதறியிருந்தால் பெண். வெள்ளைக் காடையில் இந்த அடையாளம் உதவாது. பருவம் வந்தபின் ஆணின் எச்சத்துவாரத்துக்கு மேல் புடைத்திருக்கும் சுரப்பியை அழுத்தினால் வெண்ணுரை வரும். அதுவரை பொறுக்க வேண்டும். மூன்று நான்கு பெட்டைக்கு ஒரு சேவல் போதும். சாப்பிட மட்டும் முட்டை வேண்டுமென்றால் அந்த ஒன்றுகூட வேண்டாம். சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும்.

இடத்தைக் கூட்டினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இடம் நெருக்கத்தைக் குறைக்கும், மறைவிடங்கள் பெட்டைக்கு ஆறுதல் தரும்; இரண்டும் அவசியம். ஆனால் மற்றச் சேவல் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்வரை பகை தணியாது. அலகு வெட்டுவதைச் சிலர் சொல்கிறார்கள். அலகின் உள்ளே நரம்பு ஓடுகிறது, வெட்டினால் வலிக்கும். காயம் குறையலாம், துரத்தலும் மேலே ஏறுவதும் அப்படியேதான் இருக்கும். நம் எண்ணிக்கைத் தவறுக்குப் பறவையின் அலகை வெட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. விளக்கைக் குறைத்து எட்டுப் பத்து மணி நேர வெளிச்சத்தில் வைத்தால் சேவல் அடங்கும் என்பது உண்மைதான். கூடவே பெட்டையின் முட்டையும் நின்றுபோகும். சேவல்களை வேறிடத்தில் வைக்க முடிந்தவர்களுக்கு மட்டுமே அது உதவும்.

குஞ்சு பொரிக்கக் கருவுற்ற முட்டை வேண்டுமே என்பது இவற்றைவிட வலுவான கேள்வி. பெட்டை தன் உடலுக்குள் விந்தைச் சேமித்து வைக்கும். ஒருமுறை சேர்ந்தால் சில நாட்களுக்குக் கருவுற்ற முட்டை கிடைக்கும். எனவே சேவலைத் தனிக்கூண்டில் வைத்து, அவ்வப்போது சிறிது நேரம் பெட்டைகளோடு விட்டு எடுத்தாலே போதும்.

மிஞ்சிய ஆண்களை இறைச்சிக்குக் கொடுப்பது கொடுமை என்று மனம் தயங்குவதை நான் மதிக்கிறேன். ஆனால் இரக்கப்பட்டு அவற்றையும் அதே கூண்டில் விட்டுவைத்தால் நாள்தோறும் ரத்தம் சிந்துவது பெட்டைகள்தான். கொடுக்க மனமில்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் தனிக்கூண்டு தர வேண்டும். அடிபட்ட பறவையை உடனே பிரித்து, காயத்தைக் கழுவி மருந்திட்டு, தோல் மூடி இறகு முளைத்தபின் மட்டுமே கூட்டத்தில் சேருங்கள். ரத்தச் சிவப்பைக் கண்டால் பெட்டைகளும் கொத்தும். காடைக் குஞ்சு வாங்கக் கிளம்பும் முன், அவற்றில் பாதி சேவலாக இருந்தால் எங்கே வைப்பது என்பதை முடிவு செய்துவிடுங்கள்.